ரோஜா முயற்சி 19

மார்ச் 4, காலை

நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. நான் எதையும் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் நீ "ஹலோ" சொல்லும் தினுசிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால்தான் கடையில் உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். கடைக்கு ஒரு பெரிய ஆர்டர் வரப்போகிறது! வரும் போல இருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் பழைய சைக்கிள் கிடங்கை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்களே, அது முடிந்துவிட்டது. இருபத்து நாலு அறை. அதன் முதலாளியம்மா போன வாரம் கடைக்கு வந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத உடுப்பு, மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. ஜன்னல் திரைத்துணி ஒன்றைக் கொடுத்து, "இதுல ஏதாவது ஒரு எம்ப்ராய்டரி தைச்சுக் காட்டுங்க" என்றார். தைத்துக் காட்டினேன். துணியைப் பின்பக்கம் திருப்பி நூல் முடிச்சை எண்ணினார். எண்ணினார் தாயே, எண்ணினார்! பிறகு, "உங்ககிட்ட என்னென்ன டிசைன் இருக்குன்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். இன்னும் ரெண்டு கடையிலயும் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லிஸ்ட்டுக்கு நான் எங்கே போவேன்? நீ வரைந்து, நான் மெஷினில் தைத்து, நாலு வருஷத்தில் சேர்ந்த டிசைன் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடக்கிறது. அறுநூறுக்கு மேல் என்று மூலையில் காட்டுகிறது. நேற்று முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தாளில் எழுதினேன். எழுபது எழுதுவதற்குள் கண் பூத்துப்போயிற்று. உன் அண்ணன் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் பேப்பர்ல எழுதி, அந்தப் பேப்பரைப் பாத்து மறுபடி கம்ப்யூட்டர்ல அடிக்கப்போறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், எனக்குத் தெரியாதா?

பெயர்களை மட்டும் கொத்தாக எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப ஏதாவது வழி இருக்கும். உனக்குத் தெரியும். சொல்.

ஆர்டர் கிடைத்தால் இரண்டாவது மெஷின் வாங்கலாம். இரண்டு பேருக்கு வேலை இருக்கும். அது வேறு விஷயம்.

உன் நாற்காலியில் நூல் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். நல்ல உயரம், வசதியாக இருக்கிறது. எனக்கு முக்காலி போதும்.

அண்ணி

*

மார்ச் 4, மாலை

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. ஹோட்டல் விஷயம் கேட்டு மகிழ்ச்சி.

டிசைன் ஃபோல்டரைத் திறந்துகொள்ளுங்கள். மேலே ஃபோல்டரின் பாதை தெரிகிற நீளப் பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு cmd என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கறுப்பாக ஒரு திரை வரும், பயப்பட வேண்டாம். அதில் கீழே உள்ள வரியை அப்படியே தட்டி என்டர் அழுத்தவும்.

dir /b > list.txt

கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதே ஃபோல்டரில் list என்று புதிதாக ஒரு கோப்பு வந்திருக்கும். அதற்குள் எல்லாப் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதை அனுப்பிவிடலாம். எலியை, அதுதான் மவுஸை, உருட்டக்கூட வேண்டியதில்லை.

எலி என்றதும் நினைவு வருகிறது. சைக்கிள் கிளப் ஆர்டர் ஜாக்கெட்டுகள் தையலில் சுருங்கிப்போய் நாம் சண்டை போட்ட அன்று, "நாற்காலியில உக்காந்து எலியை உருட்டுறதுக்கெல்லாம் ஒரு ஆளா? மெஷின்ல நிக்கிறவதான் வேலை செய்யிறா" என்று சொன்னீர்கள். "அப்போ நீங்களே உருட்டிப் பாருங்க" என்று நானும் சொன்னேன். இரண்டும் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. பெரிய ஹால், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், பல் கிட்டும் அளவுக்கு ஏசி. தொப்பிகளுக்குச் சின்னம் வரைந்து கொடுக்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் தருகிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்

*

மார்ச் 5, காலை

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களே (மரியாதை போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா?),

நீ சொன்னபடியே செய்தேன். கறுப்புத் திரை வந்தது. வரியைத் தட்டினேன். list என்று கோப்பும் வந்தது. சந்தோஷத்தில் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "பாருங்க, உங்க தங்கச்சி இல்லாமலே நான் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிறேன்" என்று பெருமையடித்துக்கொண்டு அதைத் திறந்தேன்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கேள்விக்குறி. முதல் வரியில் கேள்விக்குறி, இரண்டாம் வரியில் கேள்விக்குறி, அறுநூறு வரியிலும் கேள்விக்குறி! நடுவில் நடுவில் உன் பழைய எண்கள் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கின்றன. "அது உன்னைத்தான் கேக்குது, நாத்தனாரை ஏன் விரட்டினேன்னு" என்கிறார் உன் அண்ணன். அவருக்கு இன்று காலைக் காபி கிடையாது.

எனக்கு ஒரு நியாயம் சொல். போன வாரம் ஒரு டிசைனுக்கு நான் பெயர் வைத்தபோது கடைசியில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டேன். "பெயரில் அதெல்லாம் வைக்கக் கூடாது" என்று இந்தக் கம்ப்யூட்டர் என்னைத் திட்டிற்று. இப்போது அதுவே பக்கம் பக்கமாகக் கேள்விக்குறியைக் கொட்டி வைத்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்!

மற்ற இரண்டு கடைக்காரர்களும் லிஸ்ட் கொடுத்துவிட்டார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீக்கிரம் எழுது.

மூன்று வருஷமா? நல்லது. நல்ல கம்பெனி போலிருக்கிறது. ஏசி வேறு.

அண்ணி

*

மார்ச் 5, மதியம்

அண்ணி,

ஹாலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இங்கே யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

தப்பு என்னுடையதுதான். கறுப்புத் திரை அந்தக் காலத்து ஆள், அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நம் ஃபோல்டரில் எல்லாமே தமிழ்ப் பெயர்தான் என்பதை யோசிக்காமலே சொல்லிவிட்டேன். இந்தக் கம்பெனியில் கோப்புக்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். ஒரு நாள் மறந்துபோய் "தொப்பிக்குள் தலைவலி" என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தேன். மேனேஜர் கூப்பிட்டு, "என்னம்மா இது விளையாட்டு?" என்று கேட்டார்.

சரி, இப்போது வேறு வழி. எலியை உருட்டித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் பட்டனையும் A எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாமே நீலமாகும். ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடியே, நீலத்தின் மேல் எலியின் வலது காதைத் தட்டுங்கள். ஒரு நீளப் பட்டியல் விரியும். அதில் பாதையாகக் காப்பி செய்யச் சொல்லும் வரி ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். பிறகு எக்செல்லில் வெறும் தாளைத் திறந்து ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஃபோல்டரின் பாதையும் வால் பிடித்துக்கொண்டு வரும். கன்ட்ரோலும் H-உம் அழுத்தினால் எதை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று கேட்கும். மேல் கட்டத்தில் பாதையை ஒட்டுங்கள், கீழ்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அத்தனையும் ஒரே அடியில் போய்விடும்.

அண்ணி, முக்கியமான விஷயம் இனிமேல்தான். லிஸ்ட்டை முதலில் எனக்கு அனுப்புங்கள். எனக்கு மட்டும்! நாம் டிசைன்களுக்கு என்ன பெயரெல்லாம் வைத்திருக்கிறோம் என்று நினைவிருக்கிறதல்லவா? பல் டாக்டர் வாத்தை நினைத்துப் பாருங்கள். கடைக்கு வந்தவர்களை எல்லாம் வைத்துத்தானே நாம் பெயர் வைத்தோம்! நான் ஒரு முறை பார்த்து, கௌரவமான பெயர்களாக மாற்றித் தருகிறேன். பிறகு அந்த அம்மாவுக்கு அனுப்பலாம்.

அண்ணனுக்குக் காபி கொடுங்கள், பாவம்.

நாத்தனார்

*

மார்ச் 6, காலை

வந்துவிட்டது! வந்துவிட்டது! வந்துவிட்டது!

நீலமாயிற்று, வலது காதைத் தட்டினேன், ஒட்டினேன், வாலை நறுக்கினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர், எல்லாம் தமிழில், சிப்பாய் மாதிரி வரிசையாக நிற்கிறது! கடை வாசலுக்கு ஓடி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியும்விட்டேன். அவர், "இது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார். எரிச்சல்காரர்.

உடனே அனுப்பிவிட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று உன் முகவரியையும் ஹோட்டல் அம்மாவின் முகவரியையும் சேர்த்தே போட்டு அனுப்பிவிட்டேன். கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு நாள் முன்னாலேயே! எப்படி நம் சுறுசுறுப்பு?

உன் கடைசி மெயிலில் முறையை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதற்குக் கீழே ஏதோ நீளமாக எழுதியிருந்தாய், சாப்பிட்டுவிட்டு வந்து ஆற அமரப் படிக்கிறேன்.

வெற்றி வீராங்கனை அண்ணி

*

மார்ச் 6, காலை, உடனே

அண்ணி!!

சாப்பிட வேண்டாம். கீழே இருந்ததை முதலில் படியுங்கள்!

அந்த அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிவைத்திருப்பது என்னவென்று தெரியுமா? இதோ, லிஸ்ட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

பல் டாக்டர் வாத்து
கல்யாணம் நின்னுபோன புறா ஜோடி
வாடகை கேட்டு வந்த ஆந்தை
உங்க அண்ணன் குறட்டை – அலை பார்டர்
ரெண்டு பேரும் பேசாத நாள் – எறும்பு வரிசை
ஜெராக்ஸ் கடைக்காரர் பார்வை – கழுகு

இதெல்லாம் போகட்டும். நானூற்றுச் சொச்சமாவது வரியில் இது இருக்கிறது. இதை நான் வைக்கவில்லை, உங்கள் கைவரிசைதான்.

கறார் அம்மா திரைத்துணி – சிரிச்சா முத்து உதிர்ந்துடுமோ

அண்ணி, இது அவர்தானே? அவருக்கே அனுப்பிவிட்டீர்களா? கேள்விக்குறி வைக்கப் பார்த்தது இதற்குத்தானா?

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தபடி கடைசி வரை உருட்டிக்கொண்டே போனேன். அப்போதுதான் இவற்றைப் பார்த்தேன். எல்லாம் நான் ஊரை விட்டு வந்த பிறகு வந்தவை.

ரோஜா முயற்சி 1
ரோஜா முயற்சி 2 – முட்டைக்கோஸ்
ரோஜா முயற்சி 5 – ஊசி உடைஞ்சது
ரோஜா முயற்சி 6 – இன்னொரு ஊசி
ரோஜா முயற்சி 9 – காலிஃபிளவரான்னு கேக்குறார்
ரோஜா முயற்சி 13 – அவளா இருந்தா பத்து நிமிஷம்
ரோஜா முயற்சி 19 – இதழ் மாதிரி இருக்கு, காட்ட ஆள் இல்லை

அண்ணி, நீங்கள் எலி உருட்டினீர்களா?

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி மறுபடி தண்ணீர் கொண்டுவந்தாள், பாவம், தலையைத் தட்டுவதா, முதுகைத் தடவுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு டிசைனுக்குக் "காட்ட ஆள் இல்லை" என்றா பெயர் வைப்பார்கள்? எனக்குக் காட்டுங்கள். பத்தொன்பதை உடனே அனுப்புங்கள்.

அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். கம்ப்யூட்டரில் பூச்சி புகுந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 6, மாலை

அடியே,

செத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். போனைத் துணிக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

நாலு மணிக்கு அடித்தது. அவரேதான். "லிஸ்ட் வந்துது. முழுசும் படிச்சேன்" என்றார். நான் கம்ப்யூட்டர்ப் பூச்சியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "நாளைக்குக் காலைல நேர்ல வாங்க, பேசணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. திட்டுவதற்கு யாராவது ஹோட்டல் வரை கூப்பிடுவார்களா? கூப்பிட்டாலும் கூப்பிடுவார், நூல் முடிச்சை எண்ணின ஆளாயிற்றே!

உன் அண்ணன் வேனில் கூட்டிக்கொண்டு போகிறாராம். "நான் எஞ்சினை அணைக்காம வாசல்லயே நிக்கிறேன். விரட்டினா ஓடி வந்து ஏறிடு" என்கிறார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ரோஜாவைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. மழை நாள், ஆள் வரவில்லை, பொழுது போகவில்லை, சும்மா உருட்டினேன். அவ்வளவுதான். பத்தொன்பதை இதோடு அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டு அழித்துவிடு. நீ வரைந்தால் நூல் எப்படியோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நான் வரைந்தால் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியே ஓட்டையாகிவிடுகிறது. எதனால் என்று பார்க்கத் தெரிந்தால் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணி

*

மார்ச் 7, மதியம்

சில்வண்டே!

ஆமாம், பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். மரியாதையெல்லாம் தெருவிலேயே விழுந்துவிட்டது. அவசரமாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போனேன். புதுப் பெயின்ட் வாசனை அடிக்கிற ஹால். பெரிய மேஜைக்குப் பின்னால் அவர். எதிரே நம் லிஸ்ட், அச்சடித்து, ஓரம் தைத்து, ஆங்காங்கே சிவப்பு மையில் கோடு போட்டு. பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது.

"உக்காருங்க. இந்தக் கறார் அம்மா யாரு?"

"அது வந்து... பொதுவா ஒரு..." என்று இழுத்தேன்.

"நான்தானே?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா முடியும்?

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் சிரித்தார் பார்! தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "முத்து ஏதாவது உதிர்ந்துதா, பாத்துச் சொல்லுங்க" என்று குனிந்து தரையைக் காட்டுகிறார்! வாசலில் எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் அண்ணன், சிரிப்புச் சத்தத்தை அழுகை என்று நினைத்துவிட்டாராம்.

"நேத்து ராத்திரி ஹோட்டல் ஆளுங்க எல்லாரையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். பல் டாக்டர் வாத்தை நான் அவரோட கோட்டுலயே பாத்திருக்கேன். அதுக்கு ஏன் பல் வச்சிருக்குன்னு இப்பதான் புரியுது" என்றார். பிறகு சிவப்புக் கோடுகளைக் காட்டினார். "இந்த இருபத்து நாலும் எனக்கு வேணும். ஒரு அறைக்கு ஒண்ணு. திரையில, தலையணை உறையில, கதவுல மாட்டுற துணியில. அறைக்கு நம்பர் கிடையாது, இந்தப் பேருதான். வர்றவங்க வந்து, 'ரெண்டு பேரும் பேசாத நாள் சாவி குடுங்க'ன்னு கேக்கட்டும். பாதிப் பேருக்கு வீட்டு ஞாபகம் வந்துடும்."

சில்வண்டே, எல்லாமே நமக்கு! இருபத்து நாலு அறையும் நமக்கு!

எனக்கு நம்பவே முடியவில்லை. "மத்த ரெண்டு கடை லிஸ்ட்?" என்று வாயை விட்டுவிட்டேன், பார், இந்த நாக்குக்கு எப்போதுமே அடக்கம் கிடையாது. அவர், "வந்துது. பூ ஒண்ணு, பூ ரெண்டு, பூ மூணுன்னு இருக்கு. உங்க லிஸ்ட்ல ஊசி உடைஞ்சதுகூட எழுதியிருக்கு. ஊசி உடைஞ்சதைச் சொல்றவங்க, நாளைக்கு என் துணி கெட்டுப்போனாலும் மறைக்க மாட்டாங்க" என்றார்.

அதோடு விட்டாரா? ஹாலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற பெரிய திரைக்கு என்ன கேட்டார் தெரியுமா? ரோஜா முயற்சி 19! "அம்மா, அது கோணல்" என்றேன். "இருக்கட்டும், அதுதான் வேணும்" என்கிறார்.

கடைசியில் வந்தது வினை. "இதெல்லாம் திரை அளவுக்குப் பெரிசாக்கி மறுபடி வரையணும் இல்ல? யாரு வரையறது? அந்தப் 'பத்து நிமிஷம்' பொண்ணுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஊர்லதானே இருக்காங்க? பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, முதல் மாதிரியைப் பாக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க."

"ஊர்லதான் இருக்கா" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அந்த அம்மா நம்மிடம் பொய் இருக்காது என்று சொல்லி முடித்த மறுநிமிஷமே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் சுற்றி வளைக்கவில்லை. உனக்கு அங்கே மூன்று வருஷம் இருக்கிறது, ஏசி இருக்கிறது. இங்கே ஒரு முக்காலியும் ஒரு வாயாடியும்தான். ஆனால் நீ போனதிலிருந்து கடை கடையாக இல்லை. மெஷின் நின்றால் ஒரு சத்தம் கிடையாது. நல்லதாக ஒன்று தைத்தால் திரும்பிப் பார்க்கிறேன், நூல் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் உன் அண்ணனோடு போட வேண்டியிருக்கிறது, அவர் சிரித்துக் கெடுத்துவிடுகிறார். வா. ஆர்டர் போனாலும் போகட்டும், நீ வா.

அண்ணி

*

மார்ச் 11

சில்வண்டுக்கு,

நாலு நாளாயிற்று. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் போட்டேன் என்று ஒரு வரி எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன், அப்புறம் சரியாகிவிடும். நல்ல வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்டதே தப்பு என்கிறார் உன் அண்ணன். அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி இரண்டு தடவை மெயில் வந்திருக்கிறதா என்று அவரே பார்க்கிறார்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அதுவரை காத்திருக்கிறேன்.

முயற்சி 20 ஆரம்பித்தேன். நூல் அறுந்துபோயிற்று, விட்டுவிட்டேன்.

அண்ணி

*

மார்ச் 13, மதியம்

அன்பு அண்ணிக்கு,

பதில் எழுத ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் அழுகை வரும் போல இருந்தது, அதனால் வரைய உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வரைவது, கண் சொருகினால் படுப்பது, இதுதான் இந்த வாரம். நடந்ததை எல்லாம் விலாவாரியாக எழுத இப்போது நேரம் இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில் என் ஃபோல்டரில் இருக்கிற பெயர்களை எடுத்து, வாலை நறுக்கி, கீழே ஒட்டியிருக்கிறேன். இதுதான் பதில். ஃபோல்டரின் பெயர் "திங்கட்கிழமைக்குள்".

01 பல் டாக்டர் வாத்து – திரை அளவு, பல்லைப் பிடுங்கலை
02 கல்யாணம் நின்னுபோன புறா ஜோடி – இப்போ ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது
03 வாடகை கேட்டு வந்த ஆந்தை – இன்னும் கொஞ்சம் முறைக்க வச்சிருக்கேன்
04 அண்ணன் குறட்டை – பெரிசாக்கத் தேவைப்படலை
05 ரெண்டு பேரும் பேசாத நாள் – எறும்பெல்லாம் வீட்டுக்குத் திரும்புது
06 ரோஜா முயற்சி 19 – அடித்தையல் மட்டும் மாத்தினேன், இனி ஊசி உடையாது, கோணலைத் தொடலை
07 மூணு வருஷ ஒப்பந்தம் – கையெழுத்து போடாமத் திருப்பிக் குடுத்தாச்சு
08 ஏம்மான்னு மேனேஜர் கேட்டார் – அங்க பேர் வைக்கலாம் சார்னு சொன்னேன்
09 பக்கத்து மேஜைக்காரி அழுதா – இந்த வாட்டி நான் தண்ணி குடுத்தேன்
10 ஞாயிறு காலை ரயில் டிக்கெட்
11 காட்ட ஆள் வர்றா

சில்வண்டு

*

மார்ச் 13, சாயங்காலம்

சில்வண்டு,

கடைசி வரியை உன் அண்ணன்தான் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு வேனைத் துடைக்கப் போகிறேன் என்று வெளியே போனவர் இன்னும் உள்ளே வரவில்லை. அந்த வேன் காலையிலேயே துடைத்த வேன்.

நானும் ஒரு லிஸ்ட் அனுப்புகிறேன். நீலமாக்கி, வலது காதைத் தட்டி, வாலை நறுக்கி, யாரையும் கேட்காமல் நானே எடுத்தேன். ஃபோல்டர் உன் பெயரில் புதிதாகத் திறந்தது. இப்போதைக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

நாற்காலி – நூல் பெட்டியெல்லாம் இறக்கியாச்சு

அண்ணி